நம்பகமானவர் இருவர் தேவை

ஒரு மனிதன் எவ்வளவு தனியாக இருக்கிறான் என்பதை அவனுக்கே சொல்லாமல் மறைத்து வைப்பதுதான் நாகரிகம். கைபேசிக் கம்பெனிக்கு அந்த நாகரிகம் கிடையாது. அது கணக்குப் பார்த்து, சதவீதம் போட்டு, திரையில் காட்டிவிடும்.

பல்செட்டுக்காரருக்கு அப்படிக் காட்டப்பட்டது ஒரு புதன்கிழமை காலையில். வயது ஐம்பத்தொன்பது. மூன்று பல் மருத்துவர்கள் நோயாளிகளின் வாயில் எடுக்கும் அச்சுகள் பெட்டிகளில் அடைபட்டு அவர் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேரும். அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் வரிசை பதித்து, வேகவைத்து, தேய்த்து, பளபளப்பாக்கி, அதே பெட்டியில் திருப்பி அனுப்புவார். நகரத்தில் பாதிப் பேர் அவர் பல்லால்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகமும் அவருக்குத் தெரியாது.

மனைவி போய்ப் பதினோரு மாதம். ஒரே மகள் வெகு தூரத்தில் வேலையில் இருந்தாள். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் மகளிடம் “லேசா காய்ச்சல், நீ வேலையைப் பாரு” என்றே சொல்லிவந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த கதை. மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் அழுது முடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: “இனிமே நீங்க எது சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.” அன்றைக்குப் போனவள்தான். பேச்சில்லை. அவளுடைய சாதாரண எண்கூட மாறிவிட்டது. ஆப் வழியாகக் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்டால் இறங்கிப்போனதாகிவிடும் என்று சும்மா இருந்துவிட்டார். வறட்டுக் கௌரவத்துக்கு வாடகை கொடுக்க வேண்டாமே, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் புதன்கிழமை, பதினோரு மாதத்துக்குப் பிறகு, ஆப்பில் அவளிடமிருந்து செய்தி வந்தது.

“சனிக்கிழமை காலைல பதினோரு மணிக்கு வீடியோல வர்றேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வீட்லயே இருங்க.”

வீட்டைவிட்டு அவர் எங்கே போகப்போகிறார்? நாலு தரம் படித்தார். கையில் ஒட்டியிருந்த மெழுகைத் துடைத்துக்கொண்டு “சரிம்மா” என்று தட்டப் போனார். திரை மூடிக்கொண்டு வேறொரு கடிதம் திறந்தது.

“எங்கள் அன்புக் குடும்ப உறுப்பினரே! தங்கள் கருவியின் ஃபர்ம்வேர் மூப்படைந்துவிட்டது. ஃபர்ம்வேர் என்பது தங்கள் கைபேசியைத் தினமும் எழுப்பி உட்காரவைக்கும் அடிப்படை மென்பொருள். அதைப் புதுப்பிக்கும்வரை ஆப்கள் அனைத்தும் ஓய்வில் இருக்கும். ஒரே ஒரு தட்டு போதும்!”

தட்டினார். பொத்தான் சுற்றிச் சுற்றித் தொண்ணூற்றொன்பது சதவீதம்வரை போய் நின்றது. பிறகு கேட்டது:

“தங்கள் பாதுகாப்புக்காக, தங்களுக்கு நம்பகமானவர் இருவரைத் தேர்ந்தெடுக்கவும். கடந்த முப்பது நாட்களில் தங்களுடன் மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் பேசிய மனிதர்களாக இருக்க வேண்டும். தகுதியுள்ளோர் பட்டியல் கீழே.”

கீழே ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருந்தது. திரையில்தான் கோளாறு என்று நினைத்துச் சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை, முதல் ஆளாகக் கம்பெனியின் வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையத்துக்குப் போய் நின்றார். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த கூடம், அறுபது நாற்காலி, ஓர் ஆளில்லை. சுவர் முழுக்க நாலைந்து பேர் தோளில் கைபோட்டுச் சிரிக்கிற படங்கள். பல்செட்டுக்காரர் தொழில் புத்தியில் முதலில் பல்லைப் பார்த்தார். எல்லாம் ஒரே நிறம், எல்லாம் கட்டின பல்.

வாசலில் நின்ற காவலாளி டோக்கன் எடுக்கச் சொன்னார்.

“எப்படி எடுக்கணும்?”

“உங்க ஃபோன்ல எங்க ஆப் இருக்குல்ல சார், அதுல.”

“ஆப் எதுவும் திறக்கல. அப்டேட் பண்ணாத்தான் திறக்குமாம். அப்டேட் பண்ணத்தான் வந்திருக்கேன்.”

காவலாளி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து பழைய காகித டோக்கன் புத்தகத்தை எடுத்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார். “டெய்லி முப்பது பேர் இதையேதான் சொல்றாங்க. யார்கிட்டயும் காட்டாதீங்க.”

டோக்கனில் எண் நானூற்றுப் பதினேழு என்று இருந்தது. பலகை ஒன்றிலிருந்து ஆரம்பித்து, இல்லாத நானூற்றுப் பதினாறு பேரையும் ஒவ்வொருவராக வருகவருக என்று கூப்பிட்டது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இடையிடையே “காத்திருப்பதற்கு நன்றி” என்று இனிய பெண்குரல் சொன்னது. காத்திருக்காமல் எங்கே போவது என்று அது சொல்லவில்லை.

கடைசியில் பதிப்புச் சரிபார்ப்பு அலுவலர் முன்னால் உட்கார்ந்தார். அந்த அம்மாள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, கைபேசியை ஒரு பஞ்சு மெத்தையில் கிடத்தி, ‘இக்கருவியைப் பற்றி’ என்ற பக்கத்தைத் திறந்தார். பக்கத்து மேசைக்காரரைச் சாட்சிக்கு அழைத்தார். பிறகு உரக்கப் படித்தார்.

“ஏழு, புள்ளி, நாலு, புள்ளி, ஒன்பது.”

“ஏழு, புள்ளி, நாலு, புள்ளி, ஒன்பது,” என்று சாட்சி திருப்பிச் சொன்னார்.

மூன்றாவது ஆள் ஒருவர் எழுந்து நின்று அதைப் பதிவேட்டில் எழுதினார். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அலுவலர் கையுறையைக் கழற்றிவிட்டு, பெரிய டாக்டர் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

“சார், உங்க ஃபர்ம்வேர் பழசு.”

“அது தெரிஞ்சுதானேம்மா வந்தேன்.”

“உங்களுக்குத் தெரிஞ்சது சந்தேகம். இப்ப உங்ககிட்ட இருக்கிறது சான்றிதழ்.” அச்சடித்துக் கொடுத்தார். இருபத்துநாலு மணி நேரம் செல்லும் என்று போட்டிருந்தது. அதற்குள் ஃபர்ம்வேர் இளமையாகிவிடுமோ என்னவோ.

நம்பகமான இருவர் விஷயத்தை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வைத்தியரிடம் சொல்லக் கூசுகிற வியாதிபோலக் குரல் தானாகத் தணிந்தது. அலுவலருக்கு அப்படியெல்லாம் கூச்சமில்லை. அழைப்புப் பட்டியலைத் திறந்து கூடம் அதிரப் படிக்க ஆரம்பித்தார்.

“முப்பது நாள்ல வந்த கால் மொத்தம் பதினாலு. ஒன்பது கால் நம்ம கம்பெனியோட பதிவு பண்ண குரல், பண்டிகைச் சலுகை பத்தி. நாலு கால் ‘பல் கிளினிக்’னு இருக்கு. பதினோரு செகண்ட், ஒன்பது செகண்ட், பதினோரு செகண்ட், ஏழு செகண்ட். ஒண்ணு ராங் நம்பர். அது இருபத்திரண்டு செகண்ட் போயிருக்கே சார், பரவாயில்லையே! நீங்க பண்ணது ஒண்ணே ஒண்ணு. அடேங்கப்பா, நாப்பத்தோரு நிமிஷம்! யாரு சார் இது?”

“உங்க கஸ்டமர் கேர்மா. நேத்து பண்ணேன். பாட்டு போட்டாங்க.”

“பாட்டு மனுஷக் கணக்குல வராது.”

“எனக்குப் பொண்ணு இருக்கா. ஆப்புல மெசேஜ் அனுப்பியிருக்கா.”

“ஆப்புல வர்றது எங்க கணக்குல பேச்சு இல்ல சார். பேச்சுன்னா எங்க டவர் வழியா வரணும்.”

விஷயம் முற்றி, உள்ளறையிலிருந்து மகிழ்ச்சி மேலாளரே எழுந்து வந்தார். பொழுது போகாதவர் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. பல்செட்டுக்காரரின் தோளில், சுவர்ப் படத்தில் உள்ளதுபோலவே கைபோட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

“பெரியவரே, எங்க கம்பெனியோட அடிப்படை நம்பிக்கை என்னன்னா, மனுஷன் தனியா இல்ல. எங்க விளம்பரத்துல ஒருத்தராவது தனியா நின்னு பார்த்திருக்கீங்களா? கிடையாது. நாலு பேர் சேர்ந்துதான் சிரிப்பாங்க. சம்பளம் வாங்கிட்டுச் சிரிக்கிறவங்கதான், ஆனா சேர்ந்து சிரிப்பாங்க. எனக்கே நாப்பது நம்பகமானவங்க இருக்காங்க. நாப்பது பேரும் எனக்குக் கீழ வேலை செய்யறவங்க. நான் கூப்பிட்டா மூணு நிமிஷம் என்ன, முப்பது நிமிஷம் பேசுவாங்க, கட் பண்ண ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. நம்பிக்கைன்னா அதுதான்! தனியா ஒருத்தர் இருக்கார்னா எங்க கணக்குல அது ஒரு பழுது. பழுதை ஒண்ணு சரி பண்ணுவோம், இல்ல நிராகரிச்சிடுவோம். மனுஷாபிமானத்தை மட்டும் கைவிடமாட்டோம்.”

“ஐயா, சனிக்கிழமை பதினோரு மணிக்கு என் பொண்ணு கூப்பிடறா. பதினோரு மாசம் கழிச்சு. அதுக்குள்ள ஏதாவது வழி…”

“வழி இல்லாம இருக்குமா? இதோ, தனியர் விலக்கு மனு.” மேலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். “உங்களுக்கு யாருமே இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டா, அந்த ரெண்டு பேர் நிபந்தனையிலேர்ந்து விலக்கு.”

பல்செட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. யாருமில்லை என்பதற்கு முதல் தடவையாக ஒரு பலன். பேனாவை எடுத்துக் கடைசிப் பத்திக்கு வந்தார். ‘மேற்படியாருக்கு நெருங்கியவர் எவருமில்லை என்பதை, மேற்படியாருக்கு நெருங்கிய இருவர் சான்றளிக்க வேண்டும்.’

பேனாவை மூடி வைத்தார்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு விடுமுறை விட்டுவிட்டு ஆள் தேடினார். முதலில் பல் கிளினிக்கில் பெட்டி அனுப்புகிற பெண்ணைக் கூப்பிட்டு, விஷயத்தை விளக்கி, மூன்று நிமிடம் பேசச் சொன்னார். நல்ல பெண். ஒப்புக்கொண்டாள். ஆனால் ஏழு வருடமாகப் ‘பெட்டி ரெடியா’, ‘ரெடி’ என்பதைத் தவிர வேறு பேசியிராதவர்கள் என்ன பேசுவார்கள்?

“சாப்டீங்களா சார்?”

“ஆச்சு. நீ?”

“ஆச்சு.”

ஒரு நிமிடம் பத்து விநாடி. அதற்குமேல் சரக்கு இல்லை. அவள் மேசையிலிருந்த பல் நிற அட்டையை எடுத்து, ஒவ்வொரு நிறத்தின் எண்ணாக மெதுவாகப் படிக்க ஆரம்பித்தாள். இவரும் ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ கொட்டினார். இரண்டு நிமிடம் நாற்பத்தெட்டாவது விநாடியில் டாக்டர் உள்ளேயிருந்து கத்த, வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. பன்னிரண்டு விநாடியில் ஓர் உறவு கைநழுவிப்போயிற்று.

அடுத்து மாடிவீட்டுக்காரர். பதினைந்து வருடமாகத் தலைக்குமேல் நடந்துகொண்டிருப்பவர், பெயர் தெரியாது. ஆள் வெளியூர் போயிருந்தார்; குழாய் ரிப்பேர்காரர் வந்தால் கூப்பிடுவதற்காகப் பூட்டிய கதவு நிலையில் அவர் ஒட்டிவைத்திருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“கீழ்வீட்லேர்ந்து பேசறேங்க.”

“ஓ, நீங்கதானா! உங்க மிஷின் சத்தத்துல மத்தியானம் கண்ணை மூட முடியல, தெரியுமா உங்களுக்கு?” என்று ஆரம்பித்தவர் ஒன்பது நிமிடம் நிறுத்தவில்லை. பல் தேய்க்கிற மோட்டார், படிக்கட்டில் சிந்தின பிளாஸ்டர், தண்ணீர்த் தொட்டி, பதினைந்து வருடச் சேமிப்பையும் வட்டியோடு இறக்கினார். பல்செட்டுக்காரர் குறுக்கே பேசவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கண்ணீர் மல்கக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டாக இருந்தாலும், ஒருவர் தன்னைப் பற்றி ஒன்பது நிமிடம் தொடர்ந்து பேசி எவ்வளவு காலமாயிற்று!

மகிழ்ச்சி மையத்தில் அலுவலர் அதைப் பார்த்ததும் முத்திரை குத்தினார். “ஒண்ணு ஆச்சு.”

“அவர் திட்டத்தான் செஞ்சார்மா.”

“பெரும்பாலும் குடும்பக் கால் எல்லாம் அப்படித்தான் சார் இருக்கும். இன்னொருத்தர்?”

இன்னொருத்தர் இல்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். மணி மூன்று. மையம் ஐந்துக்கு மூடிவிடும். சனிக்கிழமை விடுமுறை. காவலாளி வந்து பக்கத்தில் நின்றார்.

“என்ன சார், ஒரு ஆள் குறையுதா?”

“ஆமா.”

“நான் கூப்பிடட்டுமா?” அவர் சட்டைப் பையிலிருந்து தன் கைபேசியை எடுத்தார். “எனக்கும் பழைய வெர்ஷன்தான் சார். ஒரு வருஷமா. எனக்கு ரெண்டு பேருமே குறையுது. யார்கிட்டயும் சொல்லல, வேலை போயிடும்.”

இருவரும் கூடத்துக்குள் பத்தடி தள்ளி நின்று பேசினார்கள். செல்லாது என்று அலுவலர் சொல்லிவிட்டார். நூறு மீட்டருக்குள் நிற்பவர்கள் பேசிக்கொள்வது விதிப்படி அரட்டை, நம்பிக்கை ஆகாது. எனவே பல்செட்டுக்காரர் சாலையைக் கடந்து, இரண்டு கட்டடம் தள்ளி, பூட்டிய ஒரு கடை வாசலில் போய் நின்றார். காவலாளி கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். எட்ட நின்றாலும் ஒருவர் உருவம் மற்றவருக்குத் தெரிந்தது.

“சொல்லுங்க சார்.”

“நீங்க சொல்லுங்க.”

காவலாளி சொன்னார், “காலைலேர்ந்து ‘வாங்க, உக்காருங்க’, ‘வாங்க, உக்காருங்க’. வீட்டுக்குப் போனா அதுவும் சொல்ல ஆள் கிடையாது சார்.” பல்செட்டுக்காரர் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். மூன்று நிமிடம் எப்போது முடிந்தது என்று இருவரும் கவனிக்கவில்லை. பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. கூடத்தைத் திறந்துபோட்டுவிட்டு நின்றதற்காகக் காவலாளிக்கு மேலாளரிடம் மெமோ கிடைத்தது. அதையும் அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

முத்திரை விழுந்தது. அலுவலர் சட்டம் சொன்னார்: “நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அப்டேட் தானா வரும். முடிஞ்சதும் மகிழ்ச்சி மேலாளர் வீட்லேர்ந்தே உங்களைக் கூப்பிட்டுப் பதினாலு கேள்வி கேப்பார். திருப்திக் கணக்கெடுப்பு. நடுவுல கட் பண்ணிடாதீங்க சார். பண்ணா அறுபது செகண்ட்ல பழைய வெர்ஷனுக்கே திரும்பிடும். அப்புறம் மூணு நாள் பாதுகாப்பு ஓய்வு. உங்களுக்கு ஒரு காலும் வராது. நீங்க மட்டும் சாதா கால் பண்ணிக்கலாம்.”

சனிக்கிழமை பல்செட்டுக்காரர் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மெழுகு வாசனை போக ஜன்னலைத் திறந்துவைத்துப் பணிமேசையில் உட்கார்ந்தார். பத்தேமுக்காலுக்கு நூறு சதவீதம் ஆயிற்று. ‘எங்கள் அன்புக் குடும்பத்துக்கு மீண்டும் வருக’ என்றது. ஆப் திறந்தது. பத்து ஐம்பதுக்கு மேலாளர் கூப்பிட்டார்.

முதல் மூன்று கேள்வியும் நாற்காலி மெத்தென்றிருந்ததா என்பதைப் பற்றி. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் கம்பெனி வரலாறு கொஞ்சம் சொன்னார். எட்டாவது கேள்வியில் மணி பதினொன்று அடித்தது. திரையின் மேல்பகுதியில் மகளின் படம் துடிக்க ஆரம்பித்தது.

“ஐயா, என் பொண்ணு கூப்பிடறா…”

“ஒன்பதாவது கேள்வி. ரொம்ப முக்கியமானது, பெரியவரே. எங்க சேவையால உங்க அன்புக்குரியவங்ககிட்ட நீங்க முன்னைவிட நெருக்கமா உணர்றீங்களா? மிக நெருக்கம், நெருக்கம், ஓரளவு…”

மகளின் படம் துடித்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள்? பல்செட்டுக்காரர் மேலாளரைக் கட் செய்தார். நாப்பது பேருக்கு இல்லாத தைரியம்.

மகள் முகம் வந்தது. இளைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், அது அவருக்குத் தெரியாது. திரையின் மூலையில் சிவப்பாக அறுபது, ஐம்பத்தொன்பது என்று எண்கள் இறங்கத் தொடங்கின.

“அப்பா.”

எத்தனையோ சொல்லியிருக்கலாம். மனுஷன் கம்பெனியைத் திட்ட ஆரம்பித்தார். “இந்த அயோக்கியப் பயலுக இருக்கானுங்களே, ரெண்டு ஆள் வேணுமாம், மூணு நிமிஷமாம், நூறு மீட்டராம்…” முப்பது விநாடி அதற்கே போயிற்று.

“அப்பா, நான் கேக்க வந்தது…”

“கட் ஆகப்போகுது! உன் நம்பர் சொல்லு, சாதா நம்பர்!”

அவள் சொல்லச் சொல்ல, கைக்கு எட்டிய பிளாஸ்டர் அச்சின்மேல் பென்சிலால் எழுதினார். எட்டு இலக்கம் எழுதியபோது திரை கறுத்தது. கம்பெனியின் சின்னம் மெல்ல உதித்தது. பத்து இலக்கத்தில் இரண்டு பாக்கி.

அழுகை வந்தது, அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். இரண்டு இலக்கம் என்றால் நூறு எண். நூறுதானே? பூஜ்யம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்.

“நீங்க என் பொண்ணு இல்லீங்களே? மன்னிச்சுக்கங்க.” இதையே சொல்லிக்கொண்டு போனார். சிலர் எடுக்கவில்லை, சிலர் இல்லாத எண்கள். ஒரு பெண் போலீசில் சொல்வேன் என்றாள். பத்தொன்பதில் ஒருவர், “பரவாயில்ல, யாராச்சும் கூப்பிட்டீங்களே” என்று தன் முழங்கால் வலியைப் பற்றி ஆறு நிமிடம் சொன்னார். முப்பத்துநாலில் ஒருத்தி, கிடைத்ததும் எனக்கும் சொல்லுங்கள் என்றாள். பிற்பகல் மூன்றரை மணிக்கு எழுபத்தொன்று.

“ஹலோ.”

குரல் தெரிந்துவிட்டது. மன்னிப்பு வாசகத்தை விட்டுவிட்டு, “நான்தாம்மா” என்றார்.

“அப்பாவா? அப்பவே பிடிச்சு கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், லைனே போகல.”

“என்ன கேக்கணும்னு சொன்னியேம்மா?”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“என் ஃபோன் அப்டேட் கேக்குதுப்பா. மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்கான். நம்பகமானவங்க ரெண்டு பேர் வேணுமாம். எனக்கு இங்க அப்படி யாரும் இல்ல. யோசிச்சுப் பார்த்தா உங்க ஞாபகம்தான் வந்துச்சு. ஆனா நம்பகமானவங்கன்னு போட்டிருக்கான். அதான் ரெண்டு வாரமா யோசிச்சேன்.”

“யோசிச்சு என்ன முடிவு பண்ணே?”

“இன்னும் பண்ணல. மூணு நிமிஷம் பேசணுமாம். பேசுங்க, பார்க்கலாம்.”

பல்செட்டுக்காரர் கைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை,” என்றார். “உங்கம்மாவுக்கு இருந்தது காய்ச்சல் இல்லம்மா. சேர்த்த அன்னைக்கே டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டார்…”